நான்கு சக்கர இயக்க டிராக்டரின் டயர் எத்தனை மணி உழைக்க வேண்டும்?

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குச் சம்பாப் பருவத்துக்கு முன்பு சென்றிருந்தேன். நான்கு ஏக்கர் நிலமுள்ள விவசாயி ஒருவர் என்னைத் தம் வீட்டுக் களத்துக்கு அழைத்துச் சென்றார். வங்கிக் கடனில் வாங்கிய நான்கு சக்கர இயக்க டிராக்டர் அங்கே நின்றது. தம் நிலத்தை உழுவதோடு, அக்கம்பக்கத்தில் வாடகைக்கும் உழுது தவணை கட்டி வருபவர் அவர்.

“ஐயா, மணி மீட்டர்ல இன்னும் ஆயிரம்கூட ஆகல. முன் டயர் ரெண்டும் வழுக்கையாப் போச்சு. நம்மள ஏமாத்திட்டாங்க” என்றார். தேய்ந்த டயர்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை அடகு வைத்து, கொஞ்சம் பெரிய அளவில் பழைய டயர் இரண்டு வாங்கி மாட்டியிருந்தார். “பெரிசா இருந்தா நல்லா இழுக்கும்னு சொன்னாங்க” என்றார்.

வண்டி ஓட்டும் அவர் மகனிடம், “தம்பி, முன் சக்கர லீவரை எப்போது போடுவாய்?” என்று கேட்டேன். “எப்பவும் போட்டேதான் சார் இருக்கும். நெல்லு லோடு ஏத்திக்கிட்டுப் போறப்ப பிரேக் நல்லாப் பிடிக்குது” என்றான். ஆயிரம் மணிக்குள் டயர் தேய்ந்ததற்கான காரணம் அந்தப் பதிலிலேயே இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டம் மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

மணிக்கணக்கே சரியான கணக்கு

1932-ல் அமெரிக்காவின் அல்லிஸ் சாமர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயருடன் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன் டிராக்டர்கள் பெரும்பாலும் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. ரப்பர் டயர் வந்த பிறகு வேகம் கூடியது, எரிபொருள் மிச்சமாயிற்று, சாலையிலும் ஓட்ட முடிந்தது. கூடவே, தேய்மானம் என்ற செலவும் வந்து சேர்ந்தது.

டிராக்டர் டயரின் ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில் பயனில்லை. மணி மீட்டர்தான் அதற்கு அளவுகோல். புது டயர் மாட்டும் அன்றே மீட்டர் காட்டும் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வயலிலேயே பெரும்பகுதி வேலை செய்து, காற்றும் எடையும் சரியாக இருந்தால் 3,000 முதல் 4,000 மணி வரை உழைப்பை எதிர்பார்க்கலாம். வேலையில் பாதி தார்ச்சாலையில் பாரம் இழுப்பதானால் இது ஏறக்குறைய பாதியாகக் குறையும். சரளை நிலமானால் இன்னும் குறையும். முன் டயர் சிறியது. ஒரே தூரத்துக்கு அது பின் டயரைவிட அதிகமுறை சுற்ற வேண்டியிருப்பதால், பின் டயருக்கு முன்பே தேய்வது இயல்பு. ஆனால் ஆயிரம் மணிக்குள் முன் டயர் வழுக்கையானால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

இதில் பணம் எவ்வளவு என்று பாருங்கள். கணக்குக்காக நான்கு டயர்களின் விலை 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவை 2,000 மணி உழைத்தால் மணிக்கு 40 ரூபாய் டயர் செலவு. 4,000 மணி உழைத்தால் மணிக்கு 20 ரூபாய். ஆண்டுக்கு 500 மணி ஓட்டுபவருக்கு வித்தியாசம் 10,000 ரூபாய். உழவு வாடகை நிர்ணயிக்கும்போது டீசலையும் ஓட்டுநர் கூலியையும் மட்டும் கணக்கில் எடுத்து, டயரை மறந்துவிடுபவர்களே அதிகம்.

முன் டயரும் பின் டயரும் ஒரு ஜோடி

இரண்டு சக்கர இயக்க டிராக்டரில் முன் சக்கரம் வெறுமனே உருளும். நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்டுள்ளன. பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் முன் சக்கரம் இத்தனை சுற்று சுற்றியே ஆக வேண்டும் என்பது மாறாத கணக்கு. இந்தக் கணக்குக்கு ஏற்ற அளவில்தான் தொழிற்சாலையில் டயர்களைத் தேர்ந்தெடுத்து மாட்டுகிறார்கள்.

முன் டயர் பின் டயரைவிடச் சற்றே வேகமாக உருள வேண்டும். அப்போதுதான் அது மண்ணைப் பற்றி இழுக்கும். இந்த ‘முந்தல்’ 1 முதல் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. குறைந்தால், இழுக்க வேண்டிய முன் சக்கரத்தைப் பின் சக்கரம் தள்ளிக்கொண்டு போகும். மிகுந்தால் முன் டயர் தரையில் உரசித் தேயும், பல்சக்கரங்களும் பாதிக்கப்படும்.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். நேரான, சமமான, கெட்டியான மண் பாதையைத் தேர்ந்தெடுங்கள். தார்ச்சாலை வேண்டாம். நான்கு டயர்களிலும் காற்றைச் சரிசெய்து, முன் டயரிலும் பின் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கருவியைத் தூக்கிய நிலையில், மெதுவான கியரில் ஒருவர் ஓட்ட, மற்றொருவர் சற்று விலகிப் பக்கவாட்டில் நடந்து எண்ண வேண்டும்.

முதலில் முன் சக்கர லீவரை எடுத்துவிட்டு, பின் சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று சுற்றும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று குறியுங்கள். பிறகு லீவரைப் போட்டு அதேபோல் எண்ணுங்கள். அரைச் சுற்று, கால் சுற்றைக் கணக்கிட, டயரின் ஒரு பக்கத்துப் பட்டன்களை எண்ணிக்கொள்ளலாம். மொத்தம் 20 பட்டன் என்றால் 5 பட்டன் கால் சுற்று.

எடுத்துக்காட்டு: லீவர் போடாதபோது முன் சக்கரம் 15.5 சுற்று, போட்டபோது 16 சுற்று. வித்தியாசம் 0.5. இதை 15.5-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 3.2 சதவீதம். இது சரியான முந்தல்.

மேற்சொன்ன விவசாயியின் வண்டியில் அன்று இதே சோதனையைச் செய்தோம். பெரிய முன் டயர் மாட்டியிருந்ததால் லீவர் போடாதபோது 14.7 சுற்றுதான் வந்தது. போட்டபோது 16. முந்தல் ஏறக்குறைய 9 சதவீதம்! அதாவது 100 மீட்டர் ஓடினால் முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையே 9 மீட்டர் கணக்கு இடிக்கிறது. சேற்றில் டயர் சறுக்கி அந்தக் கணக்கு நேராகிவிடும். தார்ச்சாலையில் சறுக்க வழியில்லை. ரப்பர் தேய்ந்துதான் நேராக வேண்டும்.

தேய்மானமும் முந்தலை மாற்றும் என்பதைக் கவனியுங்கள். பட்டன் 20 மில்லிமீட்டர் தேய்ந்தால் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 125 மில்லிமீட்டர் குறைகிறது. எனவே, தேய்ந்த முன் டயரை வைத்துக்கொண்டு பின் டயரை மட்டும் புதிதாக மாட்டினால் முந்தல் குறையும். பின் டயர் நன்கு தேய்ந்திருக்கும்போது முன் டயரை மட்டும் புதிதாக மாட்டினால் முந்தல் கூடும். ஓர் அச்சின் டயர்களை மட்டும் மாற்ற நேர்ந்தால், மாற்றியவுடன் இச்சோதனையைச் செய்யத் தவறாதீர்கள்.

லீவரை எப்போது போடுவது?

சேற்றுழவு, ஈரமான நிலத்தில் உழவு, பளுவான கலப்பை, கரையேறுதல், வரப்புத் தாண்டுதல் ஆகியவற்றுக்கு முன் சக்கர இயக்கம் தேவை. கெட்டியான சாலையில் ஓடும்போதும், காய்ந்த தரையில் இலேசான வேலை செய்யும்போதும் அது தேவையில்லை; எடுத்துவிட வேண்டும். தலைமாட்டில் வண்டியைக் குறுகலாகத் திருப்பும்போது லீவர் போட்டிருந்தால், காய்ந்த நிலத்தில் முன் டயர் பக்கவாட்டில் உரசும்.

லீவர் போட்டிருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று அந்தப் பையன் சொன்னது பொய்யல்ல. முன் சக்கரங்களும் சேர்ந்து வண்டியைத் தடுப்பதால் அப்படி இருக்கும். செங்குத்தான சரிவில் பாரத்தோடு இறங்கும்போது உங்கள் வண்டியின் கையேடு சொல்கிறபடி பயன்படுத்தலாம். சமமான சாலையில் பிரேக்குக்காக லீவர் போட வேண்டியிருந்தால், பழுது பிரேக்கில் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டு பிரேக் மிதிகளையும் இணைத்துப் பூட்டியே சாலையில் ஓட்ட வேண்டும்.

காற்றழுத்தம்

டயரைக் காலால் உதைத்துக் காற்றைத் தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டிராக்டர் டயரில் இது உதவாது. அளவுமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வையுங்கள். பின் டயருக்கு வயல் வேலையில் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 14 பவுண்டு வரையிலும், சாலையில் பாரம் இழுக்கும்போது அதைவிட நான்கைந்து பவுண்டு கூடுதலாகவும் பொதுவாகத் தேவைப்படும். முன் டயரின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், கையேட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். வாரம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்ளே நூலிழைகள் அறுபடும். ரிம்மின் மேல் டயர் நழுவி, டியூபின் வால்வு கிழியும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும், சறுக்கல் கூடும், கல் பட்டால் எளிதில் வெட்டுப்படும்.

தேய்ந்த விதமே காரணத்தைச் சொல்லும். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. முன் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்கோடு தவறியிருக்கிறது. பட்டறையில் காட்டிச் சரிசெய்யுங்கள்.

எடையும் சறுக்கலும்

எடை போதாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, பட்டன்களை அரம்போல் தேய்க்கும். எடை மிகுந்தால் மண் இறுகும், டீசல் கூடும். சரியான எடையைக் கண்டுபிடிக்க உங்கள் வயலிலேயே ஒரு சோதனை செய்யலாம். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரம் பத்துச் சுற்றில் போகும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கலப்பையை இறக்கி உழுதபடி மீண்டும் பத்துச் சுற்று ஓட்டி அளந்தால் 36 மீட்டர் வருகிறது. குறைந்தது 4 மீட்டர். அதாவது 10 சதவீதச் சறுக்கல். நான்கு சக்கர இயக்கத்தில் உழவின்போது 8 முதல் 12 சதவீதம் வரை சறுக்கல் இருப்பது நல்லது. 15-க்கு மேல் போனால் எடையைக் கூட்டுங்கள் அல்லது உழவின் ஆழத்தைக் குறையுங்கள். 5-க்கும் கீழே இருந்தால் எடை தேவைக்கு மிஞ்சியது.

எடை கூட்டுவதற்கு டயரில் தண்ணீர் நிரப்புவது மலிவான முறை. வால்வு மேலே இருக்கும்படி நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும். மீதி இடத்தில் காற்று இருக்க வேண்டும். பின் டயர் ஒன்று அதன் அளவைப் பொறுத்து 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை. உப்புத் தண்ணீர் வால்வையும் ரிம்மையும் அரிக்கும். நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் எடையைப் பகிர்வதில் கையேட்டை மீறக் கூடாது.

சேறும் முள்ளும்

சேற்றுழவே முக்கிய வேலையாக உள்ளவர்கள் ஆர்-2 என்ற ஆழப் பட்டன் டயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பட்டன் சாதாரண ஆர்-1 டயரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம். சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாலையில் ஓட்டினால் விரைவில் தேயும். பாதி நாள் பாரம் இழுப்பவர்களுக்கு ஆர்-1 டயரும், சேற்றுக்குக் கேஜ் வீலும் போதுமானது. பின் டயரைக் கழற்றிவிட்டு முழுக் கேஜ் வீல் மாட்டும்போது அதன் உயரம் டயரின் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால், முன் சொன்ன சுற்றுக் கணக்கு தவறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அப்போது லீவரை எடுத்துவிட்டே ஓட்டுங்கள்.

சீமைக்கருவேல் முள்ளும், அறுத்த பருத்தி மார், துவரை, மக்காச்சோளக் கட்டைகளும் டயருக்கு எதிரிகள். கட்டைகளை அடியோடு அறுத்த பிறகே வண்டியை இறக்குங்கள். மாலையில் டயரைக் கழுவி, பட்டன்களுக்கிடையே சிக்கிய கல்லையும் முள்ளையும் எடுத்துவிடுங்கள். டீசல், எண்ணெய், கிரீஸ் பட்டால் ரப்பர் இளகிக் கெடும். உடனே சோப்பு நீரில் கழுவ வேண்டும். வெயிலில் நிற்கும் டயரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். கொட்டகை இல்லாவிட்டால் கீற்றோ சாக்கோ போட்டு மறைக்கலாம். பல வாரம் வேலையில்லை என்றால் அச்சின் அடியில் மரக்கட்டை கொடுத்து, டயரின் மேல் பாரம் விழாதபடி நிறுத்துங்கள்.

வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும்

ஓர் அச்சின் இரு டயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். அளவும் வகையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு உயரம் சற்று மாறும். எனவே, மாட்டியவுடன் முந்தல் சோதனை அவசியம். ரேடியல் டயரையும் சாதாரண டயரையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கடையில் பல ஆண்டு கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்காதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது.

ஓர் எச்சரிக்கை. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் செய்யக் கூடாது. காற்றை இறக்கிவிட்டாலும் ஆபத்துதான். உள்ளே வெப்பம் ஏறி டயர் வெடித்து உயிரைக் குடிக்கும். டயரை ரிம்மில் உட்கார வைக்கக் காற்றடிக்கும்போது 35 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்பு நீர் தடவி மீண்டும் முயலுங்கள். டயருக்கு எதிரே குனிந்து நிற்காமல், நீளக் குழாய் வைத்து விலகி நின்று அடிக்க வேண்டும்.

எப்போது கழற்றுவது?

பட்டனின் முக்கால் பங்கு தேய்ந்துவிட்டால் டயரின் உழவு ஆயுள் முடிந்தது எனலாம். புது டயராக இருக்கும்போதே பட்டன் உயரத்தை அடிக்கோலால் அளந்து நோட்டில் எழுதி வைத்தால் இது எளிதில் தெரியும். வழுக்கை டயரை வைத்து ஓட்டுவது சிக்கனமாகாது. சறுக்கல் 15-லிருந்து 25 சதவீதமானால், 100 மீட்டருக்கு 85 மீட்டர் போன வண்டி 75 மீட்டர்தான் போகும். ஒன்றரை மணியில் உழுத ஏக்கருக்கு 1 மணி 42 நிமிடம் ஆகும். அந்த 12 நிமிட டீசல் ஒவ்வொரு ஏக்கருக்கும் உங்கள் பையிலிருந்து போகிறது. பக்கச்சுவரில் நூலிழை தெரிந்தாலோ, புடைப்பு இருந்தாலோ, பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் அந்த டயரைச் சாலையில் ஓட்டக் கூடாது. பக்கச்சுவர் உறுதியாக இருக்கும் பின் டயரை மட்டுமே ரீட்ரெடிங் செய்யலாம்.

டிராக்டர் சொந்தமாக இல்லாமல் வாடகைக்கு அமர்த்துபவர்களுக்கும் இதில் பங்குண்டு. மணிக்கணக்கில் கூலி பேசினால், வரும் வண்டியின் டயரைப் பாருங்கள். வழுக்கை டயருக்கான கூடுதல் நேரத்தை நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

தொடக்கத்தில் சொன்ன விவசாயி, பெரிய டயர்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, சரியான அளவில் புதியவை மாட்டினார். முந்தல் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தது. பிரேக்கையும் பழுது பார்த்தார். மகன் இப்போது சாலைக்கு வந்தவுடன் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, லீவரை எடுத்துவிட்டுத்தான் நகர்கிறான். அண்மையில் அவ்வூருக்குப் போனபோது அந்த முன் டயர்கள் 800 மணி ஓடியிருந்தன. அடிக்கோல் வைத்து அளந்ததில் பட்டன் பாதிகூடத் தேயவில்லை. “நகையைத் திருப்பிட்டேன் ஐயா” என்றார் அவர். “ஆனா அந்த மொத ரெண்டு டயர் காசு போனது போனதுதான்.”

அந்தக் காசு உங்களுக்குப் போகாமல் இருக்க மூன்று பொருள்கள் போதும்: ஓர் அளவுமானி, ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டு. சோதனையில் ஐயம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகிக் கேளுங்கள். அடுத்த உழவுக்கு முன் ஒரு காலை நேரத்தை உங்கள் டயர்களுக்காக ஒதுக்குங்கள்.